சான்று கேட்கும் முன் அலமாரியைத் திறந்துவிடுங்கள்
மாணவர் ஆய்வும் நூலகக் குறிப்புதவியும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், கல்லூரிக் கல்வித் துறைக்கும், பொது நூலக இயக்ககத்துக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும்:

கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கும் முதுகலை மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், நூலகர்கள், நெறியாளர்களில் சிலர் ஆகியோர் கூடிப் பேசி எழுதிய சாசனம் இது. எங்கள் குறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆய்வேட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சான்று இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் கேட்டால் பதில் வருவதில்லை. அலமாரி திறந்திருந்தாலும், உள்ளே இருக்கும் நூலை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிக் குறிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

பருவத் தேர்வு நெருங்கும் மாதங்களில் கல்லூரி வாசலில் உள்ள டிடிபி கடைக்குள் ஒரு மாலை போய் நின்று பாருங்கள். முதுகலை ஆய்வேடுகள் வரிசையாகத் தட்டச்சாகிக்கொண்டிருக்கும். இயல்களை மாணவர் கையெழுத்தில் கொண்டுவந்திருப்பார். துணைநூற்பட்டியல் மட்டும் கடைக்காரரின் கணினியில் ஏற்கெனவே தயாராக இருக்கும். போன வருடத்து மாணவர் பட்டியலில் நாலு நூல்களை எடுத்துவிட்டு ஐந்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது, பைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம். அடிக்குறிப்புகளும் இப்படித்தான் கைமாறுகின்றன. பழைய ஆய்வேடு ஒன்றில் 'தமிழ் லெக்சிகன், தொகுதி 4' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்து எழுதுகிறவர் லெக்சிகனைத் தொட்டிருக்க மாட்டார். அவருடைய ஆய்வேட்டிலிருந்து இன்னொருவர் எடுப்பார். முதலாமவர் பக்க எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு தலைமுறை தலைமுறையாகப் பட்டம் வாங்கிக்கொண்டு போகும். எந்த மென்பொருளும் இதைப் பிடிப்பதில்லை. புறத்தேர்வாளரும் கேட்பதில்லை.

இதை மாணவரின் நேர்மைக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்த மாணவருக்கு லெக்சிகனைப் பார்க்கும் வழி இருந்ததா என்பதுதான் எங்கள் கேள்வி. பல கல்லூரிகளில் அது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. 'குறிப்புதவி நூல்கள் இரவல் தரப்படமாட்டா' என்ற பலகை பளிச்சென்று தெரிகிறது. தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும் வாரத்தில் தூசு தட்டுவார்கள். குழு போனதும் மறுபடி பூட்டிவிடுவார்கள்.

சான்று காட்டுவது மேல்நாட்டிலிருந்து வந்த சம்பிரதாயம், தமிழ்ப் புலமைக்கு அது அந்நியம் என்று சொல்லும் பேராசிரியர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. வளையாபதி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள்; அவற்றில் பெரும்பகுதியைத் தந்தது புறத்திரட்டு என்ற தொகை நூல். அதைத் தொகுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாடலை எந்த நூலிலிருந்து எடுத்தோம் என்று அவர் குறித்துவைத்தார். அதனால்தான் அவை வளையாபதிப் பாடல்கள் என்று நாம் சொல்ல முடிகிறது. மறுபுறம், பழைய உரைகாரர்கள் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய பாடல்களில் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்று இன்றுவரை தெரியவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற தொகுப்பைச் செய்ய முடிந்ததே மேற்கோளோடு பெயரையும் சொன்ன உரைகாரர்களால்தான். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. எந்த ஏட்டுச்சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று முன்னுரையில் வரிசையாகச் சொல்லியிருப்பார். அந்த மரபின் வாரிசுகள் நாம். எனவே எங்கள் கோரிக்கைகளை எதையோ புதிதாகக் கேட்பதாக எண்ண வேண்டாம்.

குறிப்புதவிப் பிரிவைத் திறப்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை. கல்லூரி நூலகத்தின் குறிப்புதவி அலமாரி வேலை நேரம் முழுவதும் பூட்டின்றி இருக்க வேண்டும். அந்த வேலை நேரம் வகுப்பு நேரத்தோடு முடியக் கூடாது. காலை முதல் மாலை வரை வகுப்பில் இருக்கும் மாணவர் வெளியே வரும்போது நூலகமும் மூடுகிறது. பிறகு அது யாருக்காகத் திறந்திருந்தது? இரவு எட்டு மணி வரையும் ஞாயிறு அரை நாளும் திறக்க ஏற்பாடு வேண்டும். பிற கல்லூரி மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே விட வேண்டும். துறைத்தலைவர் கடிதம், முதல்வர் மேலொப்பம், நூலகக் குழு அனுமதி என்று மூன்று படிகளில் ஏற்றி இறக்குவதை நிறுத்துங்கள்.

கைபேசியால் பக்கத்தைப் படமெடுக்க அனுமதி வேண்டும். பல நூலகங்கள் இதைத் தடுக்கின்றன. கேட்டால் பதிப்புரிமை என்கின்றன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் ஒரு நூலைப் பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பழைய நூலை ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும், தாள் உதிரும். ஃபிளாஷ் இல்லாமல் கைபேசியில் எடுக்கும் படம் நூலுக்கு நல்லது, மாணவருக்குச் செலவில்லாதது. படமெடுக்கும்போது தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஒரு விதியை மேசையில் ஒட்டிவையுங்கள். அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறோம். சான்று விவரம் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் அந்த இரண்டு பக்கங்களை எடுக்க மறப்பதுதான்.

சென்னையில் உள்ளவர்களுக்குக் கன்னிமாரா இருக்கிறது. 1896இல் தொடங்கியது, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தன. மகிழ்ச்சி. ஆனால் தருமபுரியிலோ அரியலூரிலோ படிக்கும் ஒரு மாணவி கலைக்களஞ்சியத்தின் ஒரு கட்டுரையைப் பார்க்கச் சென்னைக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டுமா? அவரது மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு இருக்கத்தான் செய்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து அங்கே இடம்பிடித்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. படிக்க வேறு இடம் இல்லாமல்தான் அவர்களும் வருகிறார்கள். அவர்களுக்குத் தனி வாசிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டு, குறிப்புதவி நூல்களைச் சுற்றி நாலு மேசையையாவது ஆய்வு மாணவருக்கு விடுங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி இந்த மாநிலத்தில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் அந்தப் பணத்தின் துணையில் நடக்கின்றன. எங்கள் பெற்றோர் கட்டும் வரி அது.

ஒவ்வொரு கல்லூரியும் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் குறிப்புதவி நூல்களின் பட்டியலை அறிவியுங்கள். தமிழைப் பொறுத்தவரை எங்கள் முன்மொழிவு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளும் பிற்சேர்க்கையும், பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. வரலாற்றுத் துறை இருக்கும் கல்லூரியானால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் மாவட்ட விவரச்சுவடிகளும் கட்டாயம். தொகுதி 2ம் 5ம் மட்டும் இருக்கும் கலைக்களஞ்சியம் எந்தப் பயனும் தராது. காணாமல்போன தொகுதிகளை வாங்கி நிரப்புங்கள்.

அடுத்து, குறிப்புதவி நூலகர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர். அரங்கநாதன், நூலும் வாசகரும் சந்திக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தொழிலின் மையமாக வைத்தார். 1931இல் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் வெளிவந்தன. அதே ஆண்டு மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை, நூலை வாசகரிடமே கொண்டுசேர்க்க, மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். உலகமே அரங்கநாதனைப் படிக்கிறது; நாம் அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடும் ஆகஸ்ட் 12 அன்று மாலை போடுகிறோம். இன்றைய கல்லூரிகளில் நூலகர் பணியிடம் காலியாக இருந்தால், கூடுதல் பொறுப்பை ஏதாவதொரு துறை ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பாரா, 'திருவிளையாடற் புராணத்துக்கு எத்தனை பதிப்புகள் உண்டு' என்று கேட்கும் மாணவருக்கு வழிகாட்டுவாரா? நூலக அறிவியல் படித்த ஒருவரைக் குறிப்புதவிக்கென்றே அமர்த்துங்கள். அந்தப் படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் எங்களுள்ளேயே இருக்கிறார்கள்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஆய்வு நெறிமுறைகள்' என்ற தாள் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. அது வகுப்பறையில், குறிப்பேட்டில் எழுதவைத்து நடக்கிறது. முதன்மைச் சான்று என்றால் என்ன, துணைமைச் சான்று என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். அதில் பாதி நேரத்தை நூலகத்துக்கு மாற்றுங்கள். இளங்கலை முதலாண்டிலேயே தொடங்குங்கள். தேர்வுக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள்: ஒரு சொல், ஓர் ஊர், ஓர் ஆள். மூன்றையும் பற்றி மூன்று வெவ்வேறு குறிப்புதவி நூல்களில் பார்த்து, வேறுபடும் இடங்களைச் சான்றோடு எழுதி வர வேண்டும்.

இந்தச் சிறு வேலையில் எவ்வளவு தெரியவரும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். கலைக்களஞ்சியத்தில் ஊரைப் பற்றிய கட்டுரையில் மக்கள்தொகை இருக்கும். அது அந்தத் தொகுதி வெளியான காலத்துக் கணக்கெடுப்பை ஒட்டியது. நூல் வெளியான ஆண்டைப் பார்க்காத மாணவர் அதையே இன்றைய மக்கள்தொகையாக எழுதிவிடுவார். அதே கலைக்களஞ்சியத்தில் பல கட்டுரைகளின் முடிவில் எழுதியவரின் பெயர்ச்சுருக்கம் இருக்கும். அந்தத் துறையின் அறிஞர் எழுதியதை 'பெ. தூரன் கூறுகிறார்' என்று எழுதுவது தூரனுக்கும் நியாயமில்லை, எழுதியவருக்கும் நியாயமில்லை. அபிதான சிந்தாமணி முதலில் வந்தது 1910இல். திருத்திய இரண்டாம் பதிப்பு 1934இல். இன்று கடையில் கிடைப்பது அண்மைக்கால மறுபதிப்பு. மறுபதிப்பின் ஆண்டை மட்டும் குறித்தால், புராணச் செய்தியையும் வரலாற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிய பழைய நூல் ஒன்று இக்கால ஆய்வு முடிவுபோலத் தோன்றும். லெக்சிகனிலோ பல பொருள்களுக்குப் பக்கத்தில் அது வந்த நூலின் சுருக்கக் குறியீடும் இடமும் இருக்கும். சான்று காட்டுவது எப்படி என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடநூல் தமிழில் இல்லை என்றே சொல்வோம். ஆனால் 1924 முதல் 1936 வரை வெளியான அந்த அகராதியை வைத்து 2020இல் வந்த சிறுகதையின் வட்டாரச் சொல்லுக்குப் பொருள் சொல்லக் கூடாது. அதற்கு 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியா அகராதியோ, அந்தந்த வட்டார வழக்கு அகராதியோ வேண்டும். இவையெல்லாம் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லித்தந்தால் அரை மணியில் புரியும் விஷயங்கள்.

இனி, எங்கள் பட்டியலில் மிக நீண்ட சண்டைக்கு உரிய கோரிக்கை. தமிழ் ஆய்வுக்கென்று ஒரே சான்றுமுறைக் கையேடு வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளர் மாறினால் இன்னொன்று என்று இப்போது நடக்கிறது. அச்சுக்குப் போகும் முந்தின வாரம் 'இப்படி இல்லை, ஏபிஏ முறையில் மாற்றிக் கொண்டு வா' என்பார்கள். ஆங்கில நூல்களுக்காக வகுத்த ஏபிஏ, எம்எல்ஏ முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தலைப்பெழுத்து ஊருக்கு உரியதாக இருக்கும், தந்தைக்கு உரியதாக இருக்கும், சிலருக்கு இரண்டும் இருக்கும். மயிலை சீனி. வேங்கடசாமியைத் துணைநூற்பட்டியலில் எங்கே தேடுவது? 'ம'வில் பார்த்திருக்கிறோம், 'சீ'யில் பார்த்திருக்கிறோம், 'வே'யிலும் பார்த்திருக்கிறோம். ஒரே ஆய்வேட்டில் இரண்டு இடத்தில் இரண்டு ஆளாக இருந்ததும் உண்டு. இயற்பெயரை முன்னிறுத்தி, தலைப்பெழுத்தையும் ஊர்ப்பெயரையும் பின்னால் தள்ளும் நூலகப் பட்டியல் முறையையே எல்லாரும் ஏற்க வேண்டும்: 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என்று. வேறு முறை சரியென்று அறிஞர்கள் முடிவு செய்தாலும் ஒப்புக்கொள்கிறோம். ஒன்றே ஒன்றாக இருந்தால் போதும்.

பழந்தமிழ் நூல்களுக்குப் பக்க எண்ணை மட்டும் கேட்பதை விடுங்கள். புறநானூற்றுக்குப் பாடல் எண், குறளுக்குக் குறள் எண், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும் வேண்டும். இவை எந்தப் பதிப்பிலும் தேடிப் பிடிக்கக் கூடியவை. அதோடு பதிப்பையும் உரைகாரரையும் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியத்தில் இளம்பூரணர் பிரித்த நூற்பா எண்ணும் நச்சினார்க்கினியர் பிரித்த எண்ணும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகா. உரைகாரர் பெயரில்லாத தொல்காப்பிய மேற்கோளை வைத்துக்கொண்டு வாசகர் எந்த நூற்பாவைத் தேடுவார்? பரிமேலழகர் சொன்னதை 'வள்ளுவர் கூறுகிறார்' என்று எழுதும் பழக்கமும் இதனால்தான் வளர்கிறது.

கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் எண்ணிட்டுக் கிடைக்கின்றன. களப்பணியில் கேட்ட பாடலுக்கும் கதைக்கும் சொன்னவர் பெயர், ஊர், பதிவு செய்த நாள், அவருடைய சம்மதம் ஆகியவற்றைக் குறிக்கும் முறையைக் கையேடு சொல்ல வேண்டும். பழைய நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டுக்குப் பதில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. பிரபவ ஆண்டு 1867இலும் பிறந்தது, 1927இலும் 1987இலும் பிறந்தது. எதை எடுப்பது, உறுதியில்லாவிட்டால் எப்படிக் குறிப்பது என்பதற்கும் ஒரு விதி வேண்டும்.

'மேலது', 'மே.கு.நூ.' இரண்டையும் ஒழித்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. தட்டச்சுப் பொறிக் காலத்தில் அவை இடத்தை மிச்சப்படுத்தின. கணினியில் ஒரு பத்தியை வெட்டி வேறு இயலில் ஒட்டினால் 'மேலது' என்ற அடிக்குறிப்பும் கூடவே போகும். அங்கே அதற்கு மேலே இருப்பது வேறு நூல். நெறியாளர் சொல்லிச் சொல்லி நாலு முறை பத்திகள் இடம் மாறிய ஆய்வேட்டில் 'மேலது' எதைக் காட்டுகிறது என்று எழுதியவராலேயே சொல்ல முடிவதில்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்ற குறுங்குறிப்பு போதும். ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் ஒருங்குறித் தமிழை ஏற்கிறது. கையேடு முடிவானதும் அதற்கேற்ற வார்ப்பை உருவாக்கி எல்லாக் கல்லூரிகளுக்கும் தாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 'துணைநூல் நூறாவது இருக்க வேண்டும்' என்று வற்புறுத்தாதீர்கள். பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்க மாணவரைத் தூண்டுவது இந்த எதிர்பார்ப்பே. ஒருவர் நூலின் வழியாக மட்டுமே மூலத்தைப் பார்த்திருந்தால், 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று வெளிப்படையாக எழுத அனுமதியுங்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். இருபது நூலை உண்மையாகப் படித்தவர், நூற்றிருபது நூலைப் பட்டியலிட்டவர்முன் தலைகுனிந்து நிற்கும் நிலை மாற வேண்டும்.

பதிப்பாளர்களிடம் கேட்பது மூன்று. பதிப்பு விவரப் பக்கத்தில் நூலின் முதற்பதிப்பு ஆண்டைப் போடுங்கள். நாட்டுடைமையான நூலை மறுபதிப்பு செய்தால் எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டீர்கள், எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்று சொல்லுங்கள். ஆய்வு நூலுக்குச் சொல்லடைவு தாருங்கள். ஒரே எழுத்தாளரின் நாட்டுடைமை நூல் நாலு பதிப்பகங்களில் கிடைக்கிறது. நாலிலும் 'முதற்பதிப்பு' என்றே அச்சாகியிருக்கிறது. பதிப்பகத்துக்கு அது முதற்பதிப்பாக இருக்கலாம், நூலுக்கு எப்படி? அறுபது ஆண்டுக்கு முந்தைய கருத்தை நேற்றைய கருத்தாக மாணவர் எழுதினால் பாதிப் பழி உங்களையும் சேரும். பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலின்போது இந்த விவரங்களை நிபந்தனையாக்கினால் ஒரே ஆண்டில் நிலைமை மாறும்.

இணையத்தில் தமிழ் நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம், 2005 முதல் ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் எல்லாம் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் ஈழத்து நூல்கள் மிக அரிதாகவே வருகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த பிறகு, எஞ்சியதை நூலகம் திட்டத்தினர் தேடித் திரட்டி இலவசமாகத் தருகிறார்கள். அதைத் திறந்து பார்க்கக்கூட நம் பாடத்திட்டம் சொல்வதில்லை. மின்னூலகங்களிடம் எங்கள் வேண்டுகோள்: மின்படியில் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் விடாதீர்கள், இணைய முகவரியை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்றினால் எங்கள் அடிக்குறிப்புகள் அத்தனையும் ஒரே நாளில் செத்துவிடும். நெறியாளர்களிடம் வேண்டுகோள்: மின்படியைப் பார்த்ததாக எழுதும் மாணவரை அச்சு நூல் பார்த்ததாக மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். எந்த அச்சுப் பதிப்பின் மின்படி, எங்கே பார்த்தது, அச்சுப் பக்கம் எது என்று எழுதினால் அது குறைவில்லாத சான்று. பிடிஎஃப் காட்டும் பக்க எண் அச்சுப் பக்க எண் ஆகாது என்பதை மட்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். விக்கிப்பீடியாவைத் தடை செய்வதும் வீண். எல்லாரும் அதில்தான் தொடங்குகிறோம். கட்டுரையின் அடியில் இருக்கும் சான்றுகளுக்குப் போய் அவற்றைப் படிக்கப் பழக்குங்கள்.

ஒப்புமைச் சதவீதம் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் 10 சதவீதம் வரை தண்டனையில்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை என்கின்றன. அதே விதிமுறைகள், சான்று காட்டி எடுத்தாண்ட மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. நடைமுறையில் சங்கப் பாடலை முழுதாகத் தந்து சான்று எழுதியவருக்குச் சதவீதம் ஏறுகிறது. அச்சு நூலிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துச் சான்றே தராதவர், அந்த நூல் இணையத்தில் இல்லாததால் தப்பிவிடுகிறார். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல படமாகவோ, ஒருங்குறி அல்லாத எழுத்துருவிலோ இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவில் கிடக்கின்றன. மென்பொருளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. ஆகவே எண்ணைப் பார்த்துக் கையெழுத்திடுவதை நிறுத்திவிட்டு ஆளை வைத்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் எந்த ஐந்து அடிக்குறிப்பை வேண்டுமானாலும் தெரிவு செய்து, 'இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்' என்று கேட்கட்டும். நூலையோ அந்தப் பக்கத்தின் படத்தையோ காட்ட முடியாதவர் திருத்திக்கொண்டு வரட்டும். இந்த ஒரு விதி வந்தால் டிடிபி கடைப் பட்டியல் தானாக மறையும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாகப் புனைந்து தருகின்றன. அதற்கும் இதே மருந்துதான்.

எங்கள் பங்குக்கு நாங்கள் சொல்வது: கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். நூலகத்தின் பக்கத்தைக் கிழிக்க மாட்டோம், பென்சிலால்கூடக் கோடு போட மாட்டோம். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கும் பெற்றோருக்கும் அடுத்து நூல் எடுத்துத் தந்தவரின் பெயரையும் எழுதுவோம்.

எல்லாம் ஒரே நாளில் நடக்காது என்று எங்களுக்குத் தெரியும். பணியிடம் நிரப்பவும் நூல் வாங்கவும் பணம் வேண்டும், அரசாணை வேண்டும். ஆனால் அலமாரியின் பூட்டைத் திறக்கவும், கைபேசிப் படத்துக்கு அனுமதி தரவும், வாய்மொழித் தேர்வில் ஐந்து அடிக்குறிப்பைச் சரிபார்க்கவும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நாளையே நடக்கும். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் இந்த மூன்றையும் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறோம். சான்றுமுறைக் கையேட்டுக்குப் பல்கலைக்கழகங்கள் கூட்டுக் குழு அமைக்கும்போது அதில் நூலகர் ஒருவருக்கும் ஆய்வு மாணவர் ஒருவருக்கும் இடம் தாருங்கள். இதைப் படிக்கும் மாணவர்கள் படியெடுத்துத் தங்கள் கல்லூரி முதல்வரிடமும் நூலகரிடமும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவையுங்கள்.